மெஷினுக்கு ஜாதகம் எழுதிய சம்பந்தி

"லயத்துல பொறந்து எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினது பெரிய காரியந்தான், ஒத்துக்கிறேன். ஆனா இரும்பப் பத்தி ஒனக்கு என்னம்மா தெரியும்? டைப் அடிச்சோமா, பில்லு போட்டோமா, அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சோமான்னு இரு."

ஹட்டனில் ஒரு இரும்புப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், முதலாளி என்னிடம் சொன்னது இது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரும்பைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அது துருப்பிடிக்கும் என்பது ஒன்றுதான். அதையும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் கூரைத் தகரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரும்பைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆள் ஒருவர் அதே பட்டறையில் இருந்தார். இந்த மலைநாட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்மார் எத்தனையோ ஆயிரம் பேர் இருப்பார்கள். மெஷினைக் கட்டிக்கொடுத்த தகப்பன் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். வேலை, ஃபிட்டர். சொந்தப் பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் குடியிருந்தது. நோர்வூட்டிலிருந்து வலப்பனை வரை எந்த டீ ஃபெக்டரியில் கேட்டாலும் அவருக்குப் பெயர் சம்பந்தி.

எங்கள் பட்டறையில் முக்கியமாகச் செய்தது வாசலுக்கான இரும்பு கேட்டும் லொறிக்கான ஸ்பிரிங் வில்லும். அதோடு ஒரே ஒரு மெஷினும் செய்தோம். ரோலரில் முறுக்கி எடுத்த பச்சைக் கொழுந்து கட்டி கட்டியாக வரும். அதை உதறி உடைத்துச் சலிக்கிற ஆள் உயரச் சல்லடை மெஷின் அது. சீமையிலிருந்து வருவதன் பாதி விலைக்கு விற்றோம். மற்றவர்களுக்கு விற்றதோடு வேலை முடிந்தது. சம்பந்திக்கு அன்றைக்குத்தான் வேலையே ஆரம்பம்.

மாதம் ஒருமுறை, விற்ற மெஷின்களைப் பார்க்கப் புறப்படுவார். வெறுங்கையோடு போகிற பழக்கம் கிடையாது. ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு குப்பி எண்ணெய். வாழைப்பழம் டீமேக்கருக்கு, எண்ணெய் மெஷினுக்கு. டீமேக்கர் என்றால் ஃபெக்டரிக்கு ராஜா. தோட்டத்துத் துரைகூட அவரிடம் குரலைத் தணித்துத்தான் பேசுவார். நம்முடைய ஆளோ அந்த ராஜாவுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால், மெஷினின் பேரிங் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

"காயுதே! யாரு ரெண்டு நாளா எண்ண வைக்காதது?"

"வாங்க சம்பந்தி. ஒங்க பொண்ணுக்கு இங்க ஒரு கொறையும் இல்ல."

"கொறையில்லன்னு மாமியா சொல்லக் கூடாதுங்க. பொண்ணு சொல்லணும்," என்று மெஷினில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஃபெக்டரியே வேலையை விட்டுவிட்டு, பெண் என்ன சொல்கிறாள் என்று அவர் முகத்தைப் பார்த்து நிற்கும்.

றொசல்லப் பக்கம் ஒரு ஃபெக்டரியில் பெண் நல்லபடியாகச் சொல்லவில்லை. போல்ட் கழன்ற இடத்தில் சணல் கட்டியிருந்தார்களாம். டீமேக்கர் அன்றைய முதல்தரத் தூளில் தேநீர் ஊற்றி நீட்டியிருக்கிறார். சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டார்.

"மன்னிக்கணுங்க. எம் பொண்ணு சணல்ல நிக்கிற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

டீ ஃபெக்டரிக்குள் நின்றுகொண்டு டீ வேண்டாம் என்ற மனிதரை அந்த மலை அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. டீமேக்கருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அரை மணி நேரத்தில் புது போல்ட் வந்தது. சம்பந்தி அதற்குப் பிறகு மூன்று கோப்பை குடித்தார். நாலாவது கோப்பைக்கும் இடமிருந்ததாம். மரியாதைக்காக நிறுத்திக்கொண்டார்.

இன்னொரு தடவை ஒரு மெஷினைத் திருத்தப் போனவர், அதை லொறியில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். முதலாளி வாசலுக்கே ஓடி வந்தார்.

"என்னய்யா இது?"

"நாலு மாசம் இங்க இருக்கட்டுங்க. அங்க ஒருத்தனும் அதக் கவனிக்கல. ஒடம்பு தேறுனதும் கொண்டுபோய் விடுறேன்."

"அடப் பாவி, வித்த சாமானையா திருப்பிக் கொண்டாந்த! காசத் திருப்பிக் கேட்டா?"

"கேக்க மாட்டாங்க. கேட்டா சீரு செஞ்சதா நெனச்சுக்கலாம்."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ள வசதியாக அவருக்கு வழுக்கை. காசைத் திருப்பித் தராமல் இருக்க, அன்று சாயங்காலமே தன் சொந்தச் செலவில் அந்த மெஷினை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். ஒரு நாள் சம்பந்தி ஒரு சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து என் மேசைக்கு முன்னால் தரையில் கொட்டினார். சத்தத்துக்குப் பயந்து நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன். தேய்ந்த புஷ், கிழிந்த சல்லடை வலை, தலை போன போல்ட், அறுந்த பெல்ட். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் கட்டியிருந்தது.

"என்ன மாமா இது?"

"செத்துப்போன சாமான். எங்க செத்துச்சு, எப்பச் செத்துச்சுன்னு எல்லாம் இருக்கு. கொழுந்து குமியிற மாசத்துல மெஷின் நின்னா செவப்பு நூலு. கொழுந்து இல்லாத மாசத்துல நின்னா வெள்ள நூலு. முடிச்சு ஒண்ணுக்கு ஒரு மணி நேரம். எனக்கு எழுத வராது. நீ எழுது."

"எழுதி?"

"ஒருத்தன் மெஷின வாங்குறப்ப ஒரு தடவ காசு குடுக்குறான். அத எல்லாரும் எழுதுறாங்க. அப்புறம் பத்து வருசம் தெனந்தெனம் குடுத்துக்கிட்டே இருக்கான். அத ஒருத்தனும் எழுதுறதில்ல. எழுதுனாத்தானே அடுத்த மெஷின எப்புடிச் செய்யணும்னு தெரியும்? ஒரு ஜாதகம் போடு புள்ள. ஆயுசு பூரா வரணும்."

ஜாதகம் என்றால் பன்னிரண்டு கட்டம் இருக்க வேண்டும் என்பதில் மனிதர் பிடிவாதமாக நின்றார். பன்னிரண்டு கட்டம் கோடு போட்டேன். விலை, லொறிக் கூலி, பொருத்துகிற கூலி, எண்ணெய், பெல்ட், வலை, புஷ், போல்ட். சிவப்பு நூல் மணி நேரங்களுக்கு ஒரு கட்டம், வெள்ளை நூலுக்கு ஒன்று. இரண்டையும் கூட்டி ஒரே கட்டத்தில் எழுதலாமே என்று கேட்டேன். "கல்யாண வீட்டுல அடுப்பு அணையிறதும் சும்மா நாள்ல அணையிறதும் ஒண்ணா?" என்று கேட்டார். கடைசியில் பழைய இரும்பாக விற்றால் கிடைக்கிற காசுக்கு ஒரு கட்டம். ஆக மொத்தம் பதினொன்று. பன்னிரண்டாவதில் எழுத ஒன்றும் அகப்படவில்லை.

"காலியா இருந்துட்டுப் போகட்டும் மாமா."

"அதெப்புடி? பன்னெண்டாம் வீடு விரய ஸ்தானம். வீட்டுல எதையோ எலி தின்னுக்கிட்டே இருக்கு. நமக்குத்தான் தெரியல."

அந்தக் காலிக் கட்டம் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. சாப்பிடும்போது சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "பெயிண்டா இருக்குமோ?" என்பார். கடைசல் மெஷினை ஓட்டிக்கொண்டே, "எலியாவே இருக்குமோ?" என்று கத்துவார்.

இப்படி ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தலையில் இடி விழுந்தது. கொழும்பிலிருந்து ஒரு கம்பனி இதே சல்லடை மெஷினை எங்கள் விலையில் முக்கால் விலைக்குக் கொண்டுவந்து இறக்கியது. நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு நாலு மெஷின் வேண்டியிருந்தது. அதை நம்பித்தான் அந்த வருடத்துக்கு இரும்பு வாங்கி அடுக்கியிருந்தோம்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். கோபமாக இருந்தால் சமாளித்திருக்கலாம். அவர் சாந்தமாக இருந்தார்.

"தகடக் கொறச்சு, வலயக் கொறச்சு, அவன் விலைக்குச் செய்ய முடியுமா? முடியலன்னா இந்த மெஷின் யாவாரத்த மூடிடுவேன். கேட்டும் வில்லும் போதும். அதுக்கு ரெண்டு ஆளு போதும். ஃபிட்டரும் வேணாம், டைப் அடிக்கவும் ஆளு வேணாம்."

டைப் அடிக்கிற ஆள் நான். என் குடும்பத்தில் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கிய முதல் கையும் என்னுடையதுதான். வேலை போனால் திரும்பி வருவதற்கு லயமும், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இடமும் தயாராக இருந்தன. அம்மா செய்கிற வேலையை நான் கேவலமாக நினைத்ததே இல்லை. ஆனால் அந்த இடத்தில் நான் நிற்கக் கூடாது என்றுதானே அம்மா பன்னிரண்டு வருடம் எனக்குச் சோறு கட்டிக்கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வேலைக்காகத் தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டிலிருந்து எங்கள் லயத்துக்குப் போனேன். அப்பா எங்கள் தோட்டத்து ஃபெக்டரியில் விறகு ஷெட்டில் வேலை. தேநீர்க் கோப்பையை வாங்கும்போது பார்த்தேன், அவருடைய கை முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"விறகு பட்டுச்சாப்பா?"

"இல்லம்மா. அந்தச் சல்லட மெஷினு. தட்டுக் கழட்டுறப்ப ஸ்பேனர் வழுக்குது. இருபத்திரெண்டு போல்ட்டு, அம்புட்டும் அடியில."

"அத நீங்க எதுக்குக் கழட்டுறீங்க?"

"கழுவ வேணாமா? கொழுந்துச் சாறு தங்குனா புளிச்சுப்போயி மறுநாத் தூளு கெட்டுப்போகும். தெனமும் மத்தியானம் ரோலு முடிஞ்சதும் விறகு ஷெட்டுல இருந்து நாலு பேரக் கூப்புடுவாங்க. முழுசா ஒரு மணி நேரம் ஓடிரும்."

"அந்த ஒரு மணி நேரம் தூளு காய வைக்கிற அடுப்புக்கு விறகு?"

"யாரு போடுறது? சூடு எறங்கிப்போச்சுன்னு டீமேக்கர் ஐயா கத்துவாரு. தெனமுந்தான் கத்துறாரு." அப்பா தேநீரை ஊதினார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "ஒங்க பட்டறயில செஞ்ச மெஷினுதாம்மா."

நாலு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம்; ஆக ஓர் ஆளின் அரை நாள் வேலை. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு ‘ஒரு பேர்’ என்று சொல்வோம். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’தான் விழும். அம்மா எத்தனையோ நாள் மழையில் நனைந்துவிட்டு அரைப் பேரோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அதே அரைப் பேரை எங்கள் மெஷின் தினமும் மத்தியானம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதை ஒருவரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

திங்கட்கிழமை சம்பந்தியிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"இத்தன வருசமா காலையில பத்து மணிக்குப் போயி, ஓடுறதப் பாத்துட்டு, நல்லா இருக்கான்னு வந்திருக்கேன் புள்ள. விருந்து நேரமாப் பாத்துப் போனா எந்த மாப்புள வீடும் நல்லாத்தான் இருக்கும். பாத்திரம் கழுவுற நேரத்துக்குல்ல போயிருக்கணும்!"

அதோடு திரும்பினார். முகம் வேறு மாதிரி இருந்தது. "அந்தக் கட்டத்துல எழுது," என்றார்.

தகட்டைக் குறைக்கும் பேச்சை அன்றோடு விட்டோம். இருபத்திரண்டு போல்ட்டுக்குப் பதில் எதைப் போடுவது என்பதே பேச்சு. சம்பந்தி பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்து, விற்காமல் கிடந்த ஒரு கேட்டின் முன்னால் நின்றார். கேட்டுக்குப் போடுகிற கொண்டியைத் தூக்கித் தூக்கி விட்டார். மூன்றாம் நாள் எங்கள் மெஷினில் போல்ட்டுக்குப் பதில் நாலு கொண்டி இருந்தது. தூக்கிவிட்டால் தட்டு அப்படியே சாய்ந்துகொடுக்கும்.

"இது மெஷினா, மாட்டுக் கொட்டகையா?" என்றார் முதலாளி.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க," என்றார் சம்பந்தி.

ஓட்டிப் பார்த்தோம். ஒரு நிமிடம் ராஜநடை. இரண்டாவது நிமிடம் உதறலில் கொண்டிகள் ஒவ்வொன்றாகத் துள்ளிக் கழன்றன. தட்டு கிளம்பி, மூன்றடி பறந்து, சோதனைக்காகக் கொட்டியிருந்த ஈரக் கொழுந்து முழுவதையும் முதலாளியின் வெள்ளைக் கோட்டில் சலித்தது. முதலாளி புருவத்தில் தொங்கிய ஓர் இலையை எடுத்துப் பார்த்தார்.

"கட்டி நல்லா ஒடஞ்சிருக்கு," என்றார் சம்பந்தி.

முதலாளி என்ன சொன்னார் என்பதைப் பெண்கள் படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் அவர் மெஷினை நிறுத்தச் சொல்லவில்லை. கொண்டியின் பின்னால் ஒரு சாய்வான ஆப்பு வைத்தோம். மெஷின் உதற உதற ஆப்பு தானாகக் கீழே இறங்கி இறுகும். மறுபடி ஓட்டினோம். முதலாளி இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். தட்டு அசையவில்லை.

விலை மட்டும் குறையவில்லை. உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் கூடிவிட்டது.

நோர்வூட் ஃபெக்டரியில் இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதென்று ஏற்பாடாகியது. நேரத்தை மத்தியானம் இரண்டு மணிக்கு வைக்கும்படி டீமேக்கருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். முதலாளி என் மேசைக்கு ஓடி வந்தார்.

"ரெண்டு மணிக்கு என்னத்தப் பாக்குறது? மெஷின் நின்னுருமேம்மா!"

"நின்ன பொறகுதாங்க பாக்கணும் முதலாளி."

துரை வந்தார். கொழும்பு மெஷினைக் கழுவ விறகு ஷெட்டிலிருந்து நாலு பேர் ஸ்பேனரோடு வந்து அடியில் படுத்தார்கள். ஒரு பக்கம் போல்ட் கழல்வதற்குள் அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஐயா, சூடு எறங்குது!" டீமேக்கர் வழக்கம்போல் கத்துவதற்கு வாயைத் திறந்தார். அப்படியே நின்றார். அடுப்பைப் பார்த்தார். அடியில் நீட்டிக்கொண்டிருந்த எட்டுக் கால்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

எங்கள் மெஷினைத் தொடுவதற்குச் சம்பந்தி முன்வரவில்லை. "நான் தொட்டா பந்தயம் செல்லாதுங்க," என்று தரை கூட்டிக்கொண்டிருந்த ஒரு வயசாளியைக் கூப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த மனிதர் மெஷினைச் சுற்றி வந்தார். ஆப்பைத் தட்டி, கேட்டைத் திறக்கிற மாதிரி கொண்டியைத் தூக்கினார். தட்டு சாய்ந்தது. வாளித் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார், மூடினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இன்னும் போல்ட் கழன்றுகொண்டிருந்தது.

"ஆனாலும் உங்களுடையது விலை கூட," என்று துரை முதலாளியிடம் இங்கிலீஷில் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஜாதகத்தை விரித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் மொத்தத்தையும் பன்னிரண்டு கட்டத்துக்குள் இறக்கினேன். முதல் கட்டத்தில் அவர்கள் ஜெயிக்கிறார்கள், பத்து வருடக் கூட்டலில் நாங்கள் ஜெயிக்கிறோம் என்று முடித்தேன். துரை கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். பேர் என்றால் என்னவென்று எந்தத் துரைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தினம் அரைப் பேர்? இது யார் எழுதினது?" என்று தமிழில் கேட்டார்.

சம்பந்தி முந்திக்கொண்டார். "எழுதுனதும் இந்தப் புள்ள, கண்டுபுடிச்சதும் இந்தப் புள்ளதாங்க தொர. விறகு ஷெட்டு ஆளோட மக."

அதை அவர் அந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. என் வாழ்க்கையில் எத்தனை சான்றிதழ் வாங்கினாலும் அந்தத் தலைக்கு ஈடாகாது.

நாலு மெஷினும் எங்களுக்கே வந்தது. ஏற்றுகிற அன்றைக்குச் சம்பந்தி லொறி வளைவில் மறையும் வரை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது கிரீஸ் துணியால். நாள் முழுக்க முகம் கறுப்பாக இருந்தது. ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. என் மேசை இப்போது பட்டறைக்குள், கடைசல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலாளி படம் வரைகிற பலகை ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறார்.

அடுத்தபடியாகக் கொழுந்து வாட்டுகிற பெரிய விசிறி செய்யப் போகிறோம். இன்னும் படத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. மழைக் காலத்தில் கொழுந்து லேசில் வாடாது. விசிறி எவ்வளவு காசைத் தின்னும் என்பது அப்போது ஃபெக்டரிக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சம்பந்திக்கு இந்த வருடம் முழங்காலில் வாதம். பஸ் படியில் ஏற முடியவில்லை. "நீ போயிட்டு வந்து சொல்லு புள்ள," என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க ஒரே போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நேற்று ஸ்டேஷனுக்கு முன்னால் கார் வைத்திருக்கிற சிங்கள டிரைவரிடம் போய், என் சம்பளத்திலிருந்து அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

"எந்த நாள் மிஸ்?"

"விடாமல் மழை பெய்கிற முதல் நாள். விடியற்காலையில் வரணும்."

"அனே மிஸ்! மழைக்கு எல்லாரும் ஹயர் வேணாம் சொல்றாங்க, நீங்க மழைக்கே கேக்குறது?"

முன் சீட்டில் கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தேன். தாராளமாக இருக்கிறது. மடியில் வாழைப்பழச் சீப்பு வைத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது.